மூன்றாம் இடத்தில் திருச்சி

என் அப்பா ஞானசிகாமணி போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். அவருக்கு எந்தச் சரக்கு வேண்டும் என்று அவர் வாயால் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. மலையிலிருந்து ஒரு தோட்டக்காரர் மூன்று கவரில் மாதிரி கொண்டுவந்து மேசையில் வைத்தால், அப்பா முதலில் எடுப்பது இருப்பதிலேயே மட்டமானதைத்தான். அதை உள்ளங்கையில் உருட்டுவார், மோந்து பார்ப்பார், விலை கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். பிறகு இரண்டாவது கவர். அதற்கும் உதடு பிதுங்கும். கடைசியில் வந்தவர் கிளம்பத் தயாராகும்போது, போனால் போகிறதென்று அந்த மூன்றாவதையாவது போட்டுவிட்டுப் போங்கள் என்பார். வந்தவர் வாசலில் நுழைந்தபோதே அப்பா கண் வைத்தது அந்த மூன்றாவது கவர்மேல்தான்.

வீட்டிலும் அதே வழக்கம்தான். ஜவுளிக் கடையில் அம்மாவுக்குப் பிடித்த புடவையை அம்மா தொடக்கூடாது. எனக்குச் செருப்பு எடுக்கப் போனால், பிடித்த ஜோடியை விட்டுவிட்டுப் பக்கத்து ஜோடியைப் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்து இப்படி ஓரக்கண்ணாலேயே பொருள் வாங்கிப் பழகி, எதையும் நேராகப் பார்த்து 'எனக்கு இது வேணும்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராமல் போய்விட்டது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நடந்ததற்கெல்லாம் பழியை அப்பா தலையிலேயே கட்டிவிட எனக்கு ரொம்ப ஆசை. முழுசாகக் கட்ட முடியவில்லை.

நான் பிசியோதெரபி படிக்க வேண்டும் என்று நினைத்தது எங்கள் கடையின் பின்கட்டில். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். அவர்களில் அக்கம்மாள் அக்காவுக்கு வலது தோள் இறுகிப்போயிற்று. இருபது வருடம் குனிந்தே உட்கார்ந்ததில் வந்த வினை. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது, கொண்டை போட முடியாது, அவர் மகள்தான் காலையில் தலை சீவிவிட்டு வேலைக்கு அனுப்புவாள். தேனி பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். அங்கே ஒரு பிசியோதெரபி மேடம் சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நேற்றைய கோட்டைவிட ஒரு விரல் மேலே ஏறச் சொல்லி அக்காவை நான் படுத்தியெடுத்தேன். அவர் திட்டினார், வலியில் அழுதார், மறுநாளும் ஏறினார். மூன்றாவது மாதம் ஒருநாள் இரண்டு கையாலும் தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் பத்தாவது ரிசல்ட் அன்றுகூட வந்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் கைகொடுத்தது. மாநிலம் முழுக்க உள்ள கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம், ஒரே இணையதளம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! கடைக்கு இரண்டு கடை தள்ளி மதன்குமார் அண்ணன் வைத்திருக்கும் பிரௌசிங் சென்டரில் நான் அந்த இணையதளத்தோடு குடித்தனமே நடத்தினேன். போட்டோ பெரிதாக இருக்கிறது என்று ஒருமுறை தள்ளியது, சுருக்கிப் போட்டால் சின்னதாக இருக்கிறது என்று தள்ளியது. சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றினால் பாதியில் நின்று, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி என்றது. ஒரு சக்கரம் சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு டீ குடித்துவிடலாம்.

இதெல்லாம் போதாதென்று ஓ.டி.பி. எங்கள் வீட்டில் நம்பர் என்றால் அப்பா நம்பர்தான். பேங்க், கேஸ், சர்ச் எல்லாவற்றுக்கும் அதுதான் என்பதால் விண்ணப்பத்திலும் அதையே கொடுத்திருந்தேன். ஓ.டி.பி. வரும்போது அப்பா விருதுநகர் வியாபாரி யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். நான் இங்கிருந்து கடைக்கு ஓடுவேன். அங்கே ஆள் இருந்தால் எண்களைச் சத்தமாகச் சொல்லமாட்டார். கேட்கிறவர்கள் அதை ஏலக்காய் விலை என்று நினைத்துக்கொள்வார்களாம். காதோரம் குனிந்து கிசுகிசுப்பார். நான் திரும்பி ஓடி வருவதற்குள் அது செத்துப்போயிருக்கும்.

எப்படியோ விண்ணப்பம் போய், ரேங்க் பட்டியலும் வந்தது. அடுத்து, எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். என் ரேங்க் வரும்போது கணினி என் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அவ்வளவுதான் விதி. நான் முதலிடத்தில் திருச்சி அரசுக் கல்லூரியைப் போட்டேன். போன வருடம் எங்கள் பிரிவில் அங்கே கடைசியாகச் சேர்ந்தவரைவிட எனக்கு நாலு மார்க் கூடுதல். அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த படிப்பு, எல்லா வகை நோயாளியும் வருவார்கள், எல்லாவற்றையும் கையால் தொட்டுப் படிக்கலாம். நினைத்தாலே தூக்கம் வராது எனக்கு. இரண்டாவதாக மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. இப்படியே போய், கடைசியில் ஒன்பதாவதாக, நாகர்கோவிலுக்கும் அந்தப் பக்கம், திறந்து இரண்டே வருடமான ஒரு தனியார் கல்லூரி. பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது என்று மதன்குமார் அண்ணன் சொன்னதற்காக மட்டும் போட்டது அது.

அன்று சாப்பிடும்போது நான் எழுதிவைத்திருந்த பட்டியலை அப்பா வாங்கிப் பார்த்தார். இந்தத் திருச்சிதான் வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நானோ சோற்றைப் பிசைந்துகொண்டே, ரேங்குக்கு வரும்போலத் தெரிந்தது, போட்டேன் என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார்.

வரிசையை இனி மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டிய கடைசி நாள். பூட்டுவதற்கும் ஓ.டி.பி. வேண்டும். காலை பத்து மணியிலிருந்து சக்கரம் சுற்றுகிறது, ஓ.டி.பி. வரவில்லை. ஊரே அன்றைக்குத்தான் பூட்டுகிறது போல. மூன்று மணிக்கு அப்பாவே போனை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தார். காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை, அம்மா காத்திருக்கிறாள், நீ போ, மதனும் நானும் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வரிசை திரையில் சரியாக இருந்தது. பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி. எனக்கு நல்ல பசி, நான் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் வந்து பூட்டியாகிவிட்டது என்றார். பிரிண்ட் எங்கே என்று கேட்டேன், கடையில் இருக்கிறது என்றார். நான் போய் வாங்கிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

முதல் சுற்று முடிவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அப்பா போனில்தான் மெசேஜ். அவர் கடையிலிருந்து வீட்டுக்கே நடந்து வந்து போனை என் கையில் கொடுத்தார். திறந்தேன். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ஒதுக்கப்பட்ட விருப்ப எண்: ஒன்று.

இணையதளம்தான் தப்புப் பண்ணிவிட்டது என்று நினைத்தேன். அதன் பழைய லட்சணம் அப்படி. சென்டருக்கு ஓடினேன். மதன்குமார் அண்ணன் பூட்டிய பட்டியலைத் திறந்து காட்டினார். ஒன்றாவது இடத்தில் அந்த நாகர்கோவில் கல்லூரி. இரண்டாவது, என் பட்டியலில் எட்டாவதாக இருந்த ஒன்று. மூன்றாவது இடத்தில் திருச்சி.

"அப்பாதானம்மா மாத்தச் சொன்னாக," என்றார் மதன்குமார் அண்ணன். "நான் ரெண்டு தடவ கேட்டேன். தெரிஞ்சுதாம்லே சொல்றேன், அமுக்குன்னாக."

கடைக்குப் போனபோது அப்பா நிதானமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கடையில் ஆள் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி விளக்கினார். நமக்குத் திருச்சி மேல்தான் கண் என்று தெரிந்தால் பிகு பண்ணுவார்களாம். யாருக்கும் வேண்டாத கல்லூரியை முதலில் வைத்தால் அதைத்தான் முதலில் நம் தலையில் கட்டப் பார்ப்பார்களாம். வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டுமாம். இரண்டாவதைக் காட்டுவார்கள், அதையும் வேண்டாம் என்போமாம். அப்புறம் அவர்களே மூன்றாவதுக்கு இறங்கி வருவார்களாம். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் பெரியப்பா மகன் ஸ்டீவன் அண்ணனைக் கவுன்சிலிங்குக்குச் சென்னை கூட்டிக்கொண்டு போனவர் அவர். அன்றைக்கு எதிரே ஓர் அதிகாரி உட்கார்ந்து, எது வேண்டும் என்று பேசித்தான் கொடுத்தாராம். கவுன்சிலிங் என்றாலே பேச்சுவார்த்தைதானே என்றார்.

"அங்கன ஆளே கிடையாதுப்பா," என்றேன். "மிஷினு. முதல்ல எழுதுனதை முதல்ல பாக்கும். இருந்தாக் குடுத்துட்டுப் போயிரும்."

"வேணாம்னு சொல்ல ஒரு எடம் இருக்கும்ல?"

அந்த எடத்தைத் தேடித்தான் உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். நாற்பது நிமிடம் ஒரே வீணை இசை. பிறகு ஒரு பெண் வந்தார். பாவம், மரியாதையான பெண், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. விண்ணப்ப எண்ணைக் கேட்டார், பார்த்தார், வாழ்த்துகள் என்றார். முதல் விருப்பமே கிடைத்திருப்பதால் எனக்கு மேலே மாறிக்கொள்ள எதுவும் இல்லையாம். இரண்டாவது விருப்பமோ மூன்றாவதோ கிடைத்திருந்தால் அடுத்த சுற்றில் மேலே கேட்கலாம், எனக்கு மேலே என்ன இருக்கிறது? வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ஆனால் இந்த வருடம் மறுபடி கலந்துகொள்ள முடியாது. அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்கே உரிய வியாபாரக் குரலில், உங்களுக்கு எந்த ஊரு தாயி என்று ஆரம்பித்தார். திருச்சியில் ஒன்று ஒதுக்கமாக இருந்தால் பார்த்துச் செய்யுங்கள் என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தரும்படி ஒரு குரல் கேட்டது. எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது.

அன்று மதியமே சுபாஸ்ரீ கூப்பிட்டாள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், என்னைவிட மூன்று மார்க் குறைவு. திருச்சி கிடைத்துவிட்டது என்று சொல்லி அழுதாள். ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருக்கலாம் என்று நினைத்தேனே, உனக்கு ஏன் அந்தக் காலேஜ் பிடிக்கவில்லை என்று கேட்டாள். அவள் நிஜமாகவேதான் கேட்டாள். நல்லபடியாகப் போய்ப் படி என்று சொல்லிவிட்டு வைத்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியலை வாசித்தார்கள். ரேங்க் வந்த சந்தோஷத்தில் கிருபாவதி அம்மாள், அதாவது என் அம்மா, சீட்டுக் கிடைத்ததும் வாசிக்கும்படி முன்கூட்டியே கவர் கொடுத்து வைத்திருந்தாள். மகளுக்கு முதல் விருப்பமே கிடைத்ததற்காக என்று போதகர் கணீரென்று வாசித்தார். என்ன கிடைத்தது என்று விசாரித்த யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா செருப்பைத் தேடுகிற சாக்கில் கடைசிவரை குனிந்தே நின்றார்.

அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேசவில்லை. அவர் தட்டை நீட்டினால் சோறு போடுவேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவரும் நியாயம் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கடையில் எப்போதும்போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சரக்கு வாங்கினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது.

சேர்வதா, விடுவதா என்று நான்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டால் ஒரு வருடம் பின்கட்டில் காய் பொறுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்த வருடம் இதே ரேங்க் செல்லுபடியாகுமா என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஜெபம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன், கோபம்தான் வந்தது. கடைசியில், வலிக்கிற தோள் நாகர்கோவில் பக்கமும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை எடுத்துவைத்தேன். பெருந்தன்மை எதுவும் இல்லை, வேறு வழி இல்லை.

அப்பாதான் கொண்டுபோய்ச் சேர்க்க வந்தார். தேனி, மதுரை, திருநெல்வேலி என்று பஸ் மாறி மாறிப் போனோம். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இறங்கிப் போய் எனக்கு ஏதாவது வாங்கிவந்து மடியில் வைத்தார். கடலை மிட்டாய், தண்ணீர் பாட்டில், எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஆரஞ்சு ஜூஸ். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த இணையதளத்துச் சக்கரம் ஞாபகம் வந்தது.

கல்லூரி ரப்பர் தோட்டத்துக்கு நடுவே புதுச் சாயம் பூசி நின்றது. அலுவலகத்தில் இருந்த பெண் என் ஒதுக்கீட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். விருப்ப எண்ணைப் பார்த்ததும் மறுபடி பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏதோ சிக்கல், திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று எனக்கு ஒரு நிமிடம் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்லூரி முதல்வரே வெளியே வந்தார். வயதானவர், வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

இந்தக் கல்லூரி தொடங்கியதிலிருந்து இதை முதல் விருப்பமாகப் போட்டு வந்த முதல் பிள்ளை நான்தானாம். எல்லோரும் ஏழாவது, எட்டாவது என்றுதான் வந்து சேருவார்களாம். யாரோ ஓடிப்போய் ஒரு பூங்கொத்து கொண்டுவந்தார்கள். ஒரு சார் போனைத் தூக்கிப் படமெடுக்கத் தயாரானார். கல்லூரியின் முகநூல் பக்கத்தில் போடுவதற்கு, ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு வரி சொல்லும்படி முதல்வர் என்னைக் கேட்டார். கேட்டபோது அந்த மனிதரின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

பக்கத்தில் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். எனக்கு அந்த வெளிச்சம் நன்றாகவே தெரியும். எதிராளிக்குத் தேவை இருக்கிறது என்று கண்டுகொண்டால் வருவது. உங்களைத்தான் முதலில் கேட்டோம், அதற்குக் கட்டணத்தில் பார்த்துக் குறையுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதை மட்டும் சொன்னால் இந்த இடத்திலிருந்தே பஸ் ஏறிவிடுவது என்று பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"சார், நாங்க இதை முதல்ல வச்சது, இது வேணாங்கறதுக்காகத்தான்," என்றார்.

முதல்வருக்குப் புரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"எம்மகளுக்கு வேண்டியது திருச்சி. அவ சொல்லல. மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். எங்க தொழில்ல வேண்டியத வெளிய காட்டமாட்டோம் சார். அதான் மூணாவதா ஒளிச்சு வச்சேன். வெல பேச அங்கன ஆளு இருப்பாகன்னு நெனச்சேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ எழுதுனது சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் கெடுத்தேன்."

நாற்பது வருட வியாபாரத்தில் அப்பா எதிராளியின் மேசைக்கு முன்னால் நின்று ஓர் உண்மையை இப்படி முழுசாகப் போட்டு நான் பார்த்ததில்லை. போன் வைத்திருந்த சார் கையை மெதுவாக இறக்கினார். பூங்கொத்தைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அலுவலகப் பெண் நின்றார். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்துவிட்டு, படிப்பு எங்கேயும் ஒன்றுதான், பிள்ளையை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சேர்க்கைப் படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அப்பா தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். எவ்வளவு நாள் ஆகிவிட்டது அந்த முகத்தைப் பார்த்து. கோபம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"எனக்குத் திருச்சிதாம்ப்பா வேணும்," என்றேன்.

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். தெரியும் ஆத்தா என்று சொல்ல வந்தவர், பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.